ஹெவி மெட்டல் என்கிற அதிரடி ராக் இசைப் பாடல்களில் ஏன் இவ்வளவு கடவுள் வெறுப்பும் விரக்தியும்?

வெறுப்பு என்பதைவிடக் கோபம் என்றால் சரியாக இருக்கும். கடவுள் இல்லை என்று தீர்மானமாகத் தெரிந்தவன் ஆறு நிமிடம் தொண்டை கிழியக் கத்த மாட்டான், வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவான். நம்பி ஏமாந்தவனுக்குத்தான் கத்த ஏதாவது இருக்கும்.

மெட்டாலிகா என்ற குழுவின் 'தி காட் தட் ஃபெயில்டு' (கைவிட்ட கடவுள், 1991) பாட்டை நான் பல வருடம் கிட்டாருக்காக மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன், வரிகளைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அப்புறம் ஒருநாள் பின்கதையைப் படித்தேன். பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு வளர்ந்தது கிறிஸ்டியன் சயன்ஸ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில். நோய் வந்தால் ஜெபம்தான், மருந்து கிடையாது. அம்மாவுக்குப் புற்றுநோய் வந்து, சிகிச்சை எடுக்காமலே போய்ச் சேர்ந்தார். மகனுக்கு அப்போது 16 வயது. குணமாக்க வேண்டிய கையைச் சிலுவை ஆணி பிடித்துத் தடுத்துவிட்டதாக அந்தப் பாட்டில் ஒரு வரி வரும். அதற்குப் பிறகு அந்த இடம் வரும்போது கிட்டார் என் காதில் விழுவதே இல்லை.

சாத்தான் கோஷ்டி என்று எல்லோரும் ஏசிய பிளாக் சப்பாத் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வரிகளை எழுதிய கீசர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. 1971இல் வந்த 'ஆஃப்டர் ஃபாரெவர்' கடவுளைக் கேலி செய்கிறவர்களைப் பார்த்து, சாகும்போதும் இப்படித்தான் பேசுவாயா என்று கேட்கிற பாட்டு. ஏசியவர்கள் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்!

விரக்தி விஷயம் வேறு. மெட்டாலிகாவின் 'ஃபேட் டு பிளாக்' (1984) வாழ்க்கையே வேண்டாம் என்கிற ஒருவனின் பாட்டு. மனசு சரியில்லாத ஒரு காலத்தில், எனக்குத் தோன்றியதை இன்னொருவன் முன்பே சொல்லிவைத்திருக்கிறானே என்று அது துணையாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பத் திரும்ப அதையே போட்டுக் கேட்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு அண்ணனிடம் பேசினேன். அதுவும் தேவைப்பட்டது.

அயர்ன் மெய்டன் குழுவின் 'ஹாலோட் பி தை நேம்' (1982) மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மணியோசையில் தொடங்கும். தூக்குக்குக் காத்திருக்கும் கைதி, கடைசி ஜெபம் படிக்கப் பாதிரியார் வருகிறார், கடவுள் இருந்தால் என்னை ஏன் இப்படி விட்டுவிட்டார் என்று இவன் கேட்கிறான். அதே ஆள்தான் கடைசியில், கிறிஸ்தவ ஜெபத்திலிருந்து வந்த அந்தத் தலைப்பு வரியையே, 'உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக' என்று திரும்பத் திரும்பக் கதறுகிறான். சரணடைந்துவிட்டானா, குத்திக்காட்டுகிறானா? ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒவ்வொரு மாதிரி கேட்கிறது.