கொடி படர்கிறது, கிழங்கு திரளவில்லை

கேள்வி: ஐயா, வீட்டின் பின்புறம் நான்கு பாத்திகளில் சர்க்கரைவள்ளிக் கொடி நட்டு, கோழி எருவைத் தாராளமாக இட்டேன். கொடி வேலியைத் தாண்டிப் படர்ந்துவிட்டது. நான்காம் மாதம் தோண்டினால் விரல் பருமனில் வேர்கள்தாம் இருந்தன. இன்னும் எந்த இயற்கை உரம் இட வேண்டும்?
- வாசகி, நிபோங் திபால், பினாங்கு

பதில்: எரு குறைந்ததால் அல்ல, மிகுந்ததால்தான் கிழங்கு திரளவில்லை. கோழி எருவில் மாட்டெருவைவிடத் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். அது கிடைத்துக்கொண்டே இருக்கும் வரையில் கொடி இலை விடுவதிலேயே முனைந்திருக்கும். இலையில் உருவாகும் சர்க்கரை வேருக்கு இறங்கி மாவாகச் சேர, சாம்பல் சத்து (பொட்டாசியம்) தேவை. பினாங்கில் பெய்கிற மழைக்கு, மணற்பாங்கான மண்ணில் அச்சத்து எளிதில் கரைந்து போய்விடும்.

அடுத்த முறை, கையில் அள்ளினால் எருவின் நெடி நீங்கி மண்வாசம் வீசுகிற அளவுக்கு மக்கிய தொழு உரத்தை மட்டும் அளவாகக் கலந்து, ஓர் அடி உயரத்துக்கு மேடு கட்டுங்கள். நட்டு ஒரு மாதம் ஆனதும், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு கைப்பிடி விறகுச் சாம்பலைத் தூவி மண் அணையுங்கள். சாம்பலைக் கோழி எருவோடு சேர்த்துக் கலக்கவே கூடாது; அப்போது மூக்கைத் துளைக்கும் கார நெடிதான் காற்றோடு போகும் தழைச்சத்து. மண்ணின் புளிப்பையும் சாம்பல் குறைக்கும் என்பதால், ஏற்கெனவே சுண்ணாம்பு இட்டிருந்தால் பாதிக் கைப்பிடி போதும்.

உங்கள் பக்கம் செம்பனைக்குப் பஞ்சமில்லை. ஆலையில் பழம் உதிர்த்தபின் எஞ்சும் வெற்றுக்குலையில் சாம்பல் சத்து மிகுதி. கிடைத்தால் மண்ணை மூடும் மூடாக்காகப் பரப்புங்கள். ஒற்றை அடுக்காகத்தான் பரப்ப வேண்டும், குவித்து வைத்தால் தென்னையையும் செம்பனையையும் துளைக்கும் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுவிடும்.

இப்போதுள்ள கொடியை வீசிவிடாதீர்கள். நுனியிலிருந்து ஓர் அடித் துண்டுகளை நடவுக்கு எடுத்துக்கொண்டு, மீதிக் கொழுந்தைத் தேங்காய்ப்பாலில் சமையுங்கள். எருவுக்குச் செலவழித்ததில் கொஞ்சமாவது திரும்பும்.

கேள்வி: முள்ளங்கி இரண்டு மூன்று கால்களாகப் பிளந்து வருகிறது. புதிய சாணம் இட்டதுதான் காரணமா?
- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பெரும்பாலும் அதுதான். மக்காத சாணக் கட்டியிலோ கல்லிலோ வேர்நுனி முட்டினால் பக்கவாட்டில் கிளைக்கும். முந்தைய பருவத்தில் கீரைக்கு எருவிட்ட பாத்தியையே ஓர் அடி ஆழத்துக்குக் கிளறி, கல் பொறுக்கி, புதிதாக எதுவும் இடாமல் விதையுங்கள்.