ஸ்கேன் எண் 14-லிருந்து 19 ஆனது பற்றி

அப்பாவுக்கு சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்), கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் 14-லிருந்து 19 ஆகிவிட்டது, இன்னும் எத்தனை வருடம் என்று டாக்டர் சொல்ல மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மறுக்கவில்லை, யாராலும் சொல்ல முடியாது. சாப்பிட்டதும் எடுத்தாலே இந்த எண் ஏறும். ரத்தப் பரிசோதனையில் ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி கூடியிருந்தாலும் ஏறும். குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிற்றோடு எடுத்ததா என்று முதலில் பாருங்கள்.

எண்ணைவிடப் பெரிய கேள்வி, வயிற்றில் நீர், ரத்த வாந்தி, மனக்குழப்பம் இவற்றில் எதுவும் வந்திருக்கிறதா என்பது. வராதவரை பல வருடங்கள் நிலையாக ஓடலாம்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள். வாரத்தில் 2 கிலோ கூடினால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் எடை மட்டும் ஏமாற்றும்: தோள், கைச் சதை கரைய, அந்த எடையை வயிற்றில் சேரும் நீர் ஈடுகட்டும், எடை அப்படியே இருக்க, பெல்ட் ஒரு துளை தள்ளிப் போகும்.

பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறாரா, கையெழுத்து கோணுகிறதா? குழப்பத்தின் தொடக்கம் இப்படித்தான் தெரியும். மலச்சிக்கல் அதைக் கூட்டும். லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்து எழுதிக் கொடுத்திருந்தால், ஒரு நாளில் 2-3 முறை இளக்கமாகப் போகும் அளவே சரி. அதிகமானால் உடலில் நீர் வற்றி, குழப்பம் திரும்பவும் வரும்.

பிளேட்லெட் 1.5 லட்சத்துக்குக் கீழே இருந்தாலோ, ஸ்கேன் 20-ஐத் தொட்டாலோ உணவுக்குழாய் ரத்தக்குழாய் வீக்கத்துக்கு எண்டோஸ்கோபி தேவையா என்று கேளுங்கள். 6 மாதத்துக்கொருமுறை அல்ட்ராசவுண்ட் தவறக்கூடாது. மூட்டுவலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். தார் போல் கறுப்பாக மலம் போனால் நேராக அவசரப் பிரிவுக்கு.