ஜாவாஸ்கிரிப்ட் அரேயில் டிலீட் போட்டும் நீளம் ஏன் குறையவில்லை?

அரே என்பது 0 முதல் எண்ணிட்ட இடங்களின் வரிசை. டிலீட் மதிப்பை மட்டும் எடுக்கும், இடம் காலியாக நிற்கும். பஸ்ஸில் ஆள் இறங்கினாலும் சீட் அங்கேயே இருக்குமே, அதுபோல. 4 உறுப்பில் ஒன்றை டிலீட் செய்தாலும் லெங்த் 4தான்.

இடத்தையும் சேர்த்து நீக்குவது ஸ்ப்ளைஸ். ஸ்ப்ளைஸ்(2, 1) என்றால் 2ஆம் எண்ணிலிருந்து 1 உறுப்பை எடு என்று பொருள். பின்னால் இருப்பவை முன்னே நகரும். உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லும் ஃபார் லூப்பின் நடுவே ஸ்ப்ளைஸ் போட்டால் வம்பே இந்த நகர்வால்தான்: 3இல் இருந்தது 2க்கு வந்துவிடும், லூப்போ 3க்குப் போய்விடும், நடுவில் ஒன்று விடுபடும். அதனால் லூப்பைக் கடைசி எண்ணிலிருந்து 0 நோக்கி ஓட்டுங்கள்.

ஒரு மதிப்பு எந்த எண்ணில் இருக்கிறது என்று தேடித் தருவது இன்டெக்ஸ்ஆஃப். தேடியது இல்லையென்றால் -1 தரும். அதைச் சோதிக்காமல் ஸ்ப்ளைஸுக்குக் கொடுத்தால் கடைசி உறுப்பு பறிபோகும்.

வேண்டிய உறுப்புகளை மட்டும் தேர்ந்தெடுக்கும் ஃபில்டர் பழைய அரேயையே மாற்றும் எனப் பலர் நினைக்கிறார்கள். அது புது அரேயைத்தான் தரும், அதை ஒரு மாறியில் வாங்கிக்கொள்ள வேண்டும்.