ரோபோவா, வழக்கமான ஒப்பரேஷனா?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. ஹட்டன் பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். இடது மார்பில் கட்டி. ஊசி குத்திப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. கட்டியோடு அக்குளில் உள்ள நெறிகளையும் (நிணநீர்க் கணுக்களையும்) எடுக்க வேண்டுமாம். ரோபோவில் செய்தால் கை வீங்காது, தழும்பும் தெரியாது என்கிறார் தமிழ்நாட்டில் இருக்கும் மாமா. நகையை அடகு வைத்து அங்கே கூட்டிப் போகலாமா? அம்மா திரும்ப மலைக்கு, கொழுந்து எடுக்கப் போக முடியுமா?

பதில்: இதற்காக நகையை அடகு வைக்காதீர்கள். ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. சர்ஜன்தான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி அதன் கைகளை இயக்குகிறார். தழும்பு சிறிதாக, மறைவாக இருக்கும். மாமா சொன்னதில் அது சரி. ஆனால் நேரமும் செலவும் கூடுதல். மார்பகப் புற்றுநோய்க்கு இந்தக் கருவிகளின் பாதுகாப்பும் பலனும் இன்னும் நிறுவப்படவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019இல் எச்சரித்தது.

கை வீக்கத்துக்கு வருவோம். கையிலிருந்து வரும் நிணநீர் (சதைகளுக்கிடையே ஊறும் தெளிந்த நீர்) அக்குள் நெறிகள் வழியாகத்தான் வடிகிறது. அவற்றை எடுத்தால் வடிகால் குறையும். எந்தக் கருவியால் எடுத்தாலும் எடுத்தது எடுத்ததுதான். அக்குள் நெறிகளை முழுதாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. மார்பிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்தால் இருபதில் ஒருவருக்குத்தான்.

ஆகவே சர்ஜனிடம் இப்படிக் கேளுங்கள்: "அக்குளை ஸ்கேன் பண்ணி, சந்தேகமான நெறியில் ஊசி போட்டுப் பார்த்தீர்களா?" அங்கே நோய் இல்லை என்றால், மார்பில் நீலச் சாயமோ கதிரியக்க மருந்தோ ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கலாம். (சாயம் போட்டால் சிறுநீர் நீலமாகப் போகும். பயப்படாதீர்கள்.) அவற்றில் ஒன்றிரண்டில் நோய் இருந்தாலும், கட்டியை மட்டும் நீக்கி மார்புக்குக் கதிர்வீச்சு கொடுக்கிறவர்களில் பலருக்கு அக்குள் நெறிகளை முழுதாக எடுக்கத் தேவையில்லை. 2017இல் வெளிவந்த பத்தாண்டு ஆய்வு முடிவு, அப்படி விட்டவர்களின் ஆயுள் குறையவில்லை என்று காட்டியது.

ஊசிப் பரிசோதனையிலேயே நெறியில் நோய் தெரிந்திருந்தால் கதை வேறு. முதலில் புற்றுநோய்க்கான மருந்து ஏற்றிவிட்டு மறுபடி பார்க்கலாம், அல்லது முழுதாக எடுக்க வேண்டியிருக்கும். இந்தச் சிகிச்சைகளுக்குக் கண்டி, பதுளை, மகரகம அரசு வைத்தியசாலைகள் இருக்கின்றன. அங்கே காசும் வாங்குவதில்லை. இந்தியா போக அலைந்து நாளைக் கடத்துவதுதான் எனக்குக் கவலை.

மலைக்குப் போகலாம், ஆனால் அவசரம் வேண்டாம். ஒப்பரேஷனுக்குப் பிறகு சில நாள் காயத்து நீர் வடிய ஒரு குழாய் இருக்கும். மேல்கையின் உட்புறம் மரத்துப்போகலாம். தோள் இறுகாமலிருக்க, சொல்லித் தரும் பயிற்சியை விடாமல் செய்யச் சொல்லுங்கள். "இனி அந்தக் கையை அசைக்கவே கூடாது" என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் கெடுதல் இல்லை. தொடக்கத்தில் இலேசான வேலை கொடுக்கும்படி கிளினிக்கில் ஒரு கடிதம் வாங்கித் தோட்டத்து ஆபிசில் கொடுங்கள்.

அந்தக் கையில் அட்டைக்கடி, தேயிலைக் குச்சிக் கீறல் எதுவானாலும் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் பத்துப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.