நரம்பிழையில் எந்தப் புரதத்துக்கு எந்த இடம்?

கே: ரான்வியர் கணு என்பது நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மையலின் என்னும் கொழுப்புறையில் உள்ள இடைவெளி என்றுதான் படித்திருக்கிறோம். அவ்வளவுதானா? (மாணவி, கடலூர் முதுநகர்)

ப: உறையை வைத்துப் பார்த்தால் அது இடைவெளி; ஆக்ஸானை, அதாவது நரம்பிழையை, வைத்துப் பார்த்தால் அதைவிட நெரிசலான இடம் அரிது. ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் நீளமே உள்ள கணுவில், சோடியம் அயனிகளை உள்ளே விட்டு நரம்பின் மின்செய்தியை எழுப்பும் புரதங்களான சோடியம் வாயில்கள் சதுர மைக்ரோமீட்டருக்கு ஆயிரம் என்ற அளவில் குவிந்திருக்கின்றன. அவற்றை உள்ளிருந்து பிடித்து வைப்பது அங்கைரின்-ஜி என்னும் புரதம். அது பீட்டா-4 ஸ்பெக்ட்ரின் என்னும் இன்னொரு புரதம் வழியாக, ஆக்ஸானுக்குள் இருக்கும் ஆக்டின் இழைச் சட்டகத்தோடு பிணைந்திருக்கிறது. அங்கைரின் என்பது நங்கூரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். துறைமுக ஊர்க்காரரான உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

கணுவின் இரு ஓரங்களிலும் ஆக்ஸானின் காஸ்பர், கான்டாக்டின்-1 ஆகிய புரதங்களும் உறையின் நியூரோஃபாசின்-155 புரதமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வரப்பு கட்டுகின்றன. பொட்டாசியம் வாயில்களின் இடம் அந்த வரப்புக்கு அப்பால்தான். வரப்பு சிதைந்தால் அவை கணுவை நோக்கி நகர்ந்துவிடும். உறை பெருமளவு அப்படியே இருக்கும்போதே நரம்பில் செய்தி செல்லும் வேகம் குறைந்துவிடும்.

கே: சோடியம் வாயில்களைக் கணுவில் கொண்டு சேர்ப்பது நரம்பணுவா, உறையா? (ஆசிரியர், வில்லியனூர்)

ப: இடத்துக்கு இடம் மாறும். நரம்பணுவின் உடலையொட்டிய ஆக்ஸான் தொடக்கப் பகுதியில் நரம்பணு தானே அங்கைரின்-ஜியை முதலில் நிறுத்தி, மற்றவற்றை அதன்மேல் சேர்க்கிறது. கை கால் நரம்புகளின் கணுக்களிலோ, உறையை உண்டாக்கும் ஷ்வான் அணுக்கள் சுரக்கும் கிளியோமெடின் முதலில் ஆக்ஸானின் நியூரோஃபாசின்-186 புரதத்தை ஈர்க்கிறது. அங்கைரின் அதன்பின்தான் வருகிறது.

கே: என் தந்தைக்கு நடை தள்ளாடுகிறது, கை நடுங்குகிறது. உறைச் சிதைவு நோய் என்று இம்யூனோகுளோபுலின் (பிறர் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் மருந்து) ஏற்றியும் பலனில்லை. இப்போது நியூரோஃபாசின் பரிசோதனை கேட்கிறார்கள். தேவையா? (நெல்லிக்குப்பம்)

ப: தேவை. மேலே சொன்ன வரப்பையே உடலின் எதிர்ப்பொருள்கள் தாக்கும் நோய் ஒன்று உண்டு. நடுக்கமும் தள்ளாட்டமும் அதில் அடிக்கடி காணப்படுபவை. இந்த எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் ஐஜிஜி-4 வகையைச் சேர்ந்தவை; அழற்சியைத் தூண்டுவதைவிடப் புரதங்களின் பிடிப்பைத் தடுப்பதே அவற்றின் வேலை என்பதால், இம்யூனோகுளோபுலின் பலருக்குப் பலன் தருவதில்லை, எதிர்ப்பொருள் உற்பத்தியைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து தருகிறது. 2021-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல் இதனை உறைச் சிதைவு நோயிலிருந்து பிரித்துத் தனி நோயாகவே வகைப்படுத்தியது. முடிவு வரும்வரை மருந்து எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கே: பேத்தை மீன் தின்றால் வாய் மரத்துப்போவது ஏன்? (தேவனாம்பட்டினம்)

ப: அதிலுள்ள டெட்ரோடோடாக்சின் அதே சோடியம் வாயில்களை வெளிப்புறத்திலிருந்து அடைத்துவிடுகிறது. எவ்வளவு வேகவைத்தாலும் நஞ்சு போகாது, முறிமருந்தும் இல்லை. மூச்சுத் தசைகள் செயலிழந்தால் செயற்கைச் சுவாசமே காப்பாற்றும் என்பதால், உதடு மரத்த உடனேயே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.