வேகம் உண்டு, கை வேலை இல்லை: இவரை முதல் சுற்றிலேயே எடுக்கலாமா?

அமெரிக்கக் காற்பந்து டிராஃப்ட் பற்றி இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. உடல்வாகும் வேகமும் அசாத்தியமாக இருந்தும் ஆட்டம் இன்னும் பழுக்காத பாஸ் ரஷரை என்ன செய்வது? (புதியவர்களுக்கு: தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து, சுற்றுச் சுற்றாக எடுப்பது டிராஃப்ட். தடுப்பாளரைத் தாண்டிப் போய், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை மடக்குபவர் பாஸ் ரஷர். எறிவதற்குள் அவரைச் சாய்த்தால் அது ஒரு சாக்.)

கேள்வி: ஷெமார் ஸ்டூவர்ட் கல்லூரியில் மூன்று பருவங்கள் ஆடி 4.5 சாக் மட்டுமே எடுத்தார். ஆனால் 121 கிலோ உடம்போடு 40 கெஜத்தை 4.59 வினாடியில் ஓடுகிறார். 2025-ல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை 17ஆவது இடத்தில் எடுத்தது. இப்படிப்பட்டவரை இவ்வளவு சீக்கிரம் எடுப்பது சரியா?
– வாசகர், செந்தூல்

பதில்: முதல் 10 இடங்களுக்குள் என்றால் வேண்டாம். 20க்குப் பிறகு என்றால் எடுக்கலாம், ஆனால் சாக் ஏன் குறைந்தது என்பதற்கு ஆட்டப் பதிவுகளில் விடை கிடைத்திருக்க வேண்டும். 17 இரண்டும்கெட்டான் இடம். அங்கேயே எடுப்பதைவிட, அந்த இடத்தை வேறு அணிக்கு மாற்றிக் கொடுத்துச் சில படிகள் இறங்கி எடுப்பது நல்லது.

2013 டிராஃப்ட் இதற்குச் சரியான பாடம். அந்த ஆண்டு முதல் 6 இடங்களில் இதே மாதிரி மூவர் போனார்கள். மயாமி 12ஆம் இடத்திலிருந்து மேலேறி வந்து 3ஆவது இடத்தில் டியோன் ஜோர்டனை எடுத்தது. 5ஆவது இடத்தில் ஸிக்கி ஆன்சா டெட்ராய்ட்டுக்கும், 6ஆவது இடத்தில் பார்கேவியஸ் மிங்கோ கிளீவ்லண்டுக்கும் போனார்கள். கல்லூரியின் கடைசிப் பருவத்தில் மூவரில் ஒருவர்கூட 5 சாக்கைத் தாண்டவில்லை. மூவரில் ஆட்டம் மிகக் குறைவாகத் தெரிந்தவர் கானாவில் பிறந்த ஆன்சா. 2010-ல்தான் இந்த ஆட்டத்துக்கே வந்தார். ஆனால் முதல் பருவத்தில் 8 சாக், 2015-ல் 14.5 சாக் எடுத்தவர் அவர்தான். மிங்கோ கிளீவ்லண்டில் மூன்று பருவங்களில் 7 எடுத்தார். ஜோர்டன் மயாமிக்காக எடுத்தது மொத்தம் 3. அவருக்கு விதிக்கப்பட்ட தடைகளும் அதற்கு ஒரு காரணம்.

டிராஃப்ட்டுக்கு முன் எடுத்த எடையைப் பாருங்கள். ஆன்சா 123 கிலோ, ஜோர்டன் 112, மிங்கோ 109. எதிரே நின்று இவர்களைத் தடுக்கும் டேக்கிள் சாதாரணமாக 140 கிலோ இருப்பார். நுட்பம் தெரியாவிட்டாலும் பலம் இருப்பவர் டேக்கிளின் நெஞ்சில் கை வைத்துப் பின்னால் தள்ளிக்கொண்டே போவார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்தையும் தடுப்பார் என்பதால் பயிற்றுநர் அவரைத் திடலில் நிறுத்தி வைப்பார். ஆட்டநேரம் கிடைத்தால்தான் கற்க முடியும். இலேசான ஆளிடம் வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடும் வேகம் ஒன்றுதான் இருக்கிறது. டேக்கிள் இரண்டு எட்டு பின்வாங்கி அந்த வழியை அடைத்துவிட்டால் அவருக்கு வேறு வழி தெரியாது. எதிரணி பந்தை எறிய அதிக வாய்ப்புள்ள மூன்றாவது முயற்சியில் மட்டும் இறக்கப்பட்டு, கற்றுக்கொள்ள வாய்ப்பே இல்லாமல் போகிறார்.

பின்னால் வந்தவர்களும் இதையே காட்டுகிறார்கள். 2019-ல் 12ஆவது இடத்தில் போன ரஷான் கேரி 126 கிலோ. முதல் மூன்று பருவங்களில் அவர் எடுத்தவை 2, 5, 9.5. 2022-ல் முதல் இடத்தில் போன டிரேவன் வாக்கர் 123 கிலோ, அவருக்கு 3.5, 10, 10.5. ஆனால் எடை மட்டும் உத்தரவாதம் ஆகாது. 2008-ல் 6ஆவது இடத்தில் போன வெர்னன் கோல்ஸ்டன் 120 கிலோ. கல்லூரியின் கடைசிப் பருவத்தில் 14 சாக் எடுத்தவர். தொழில்முறை ஆட்டத்தில் மூன்று பருவங்கள் ஆடியும் ஒன்றுகூட எடுக்கவில்லை.

பயிற்றுநர் கற்றுக்கொடுக்கக்கூடியது கை வேலை. டேக்கிளின் மணிக்கட்டை மேலிருந்து வெட்டுவது, அவர் அக்குளுக்குக் கீழே கையை நுழைத்து மேலே இழுப்பது, ஒற்றைக் கையை நீட்டி அவரை எட்டவே நிறுத்துவது எல்லாம் பழக்கத்தில் வரும். வெளிப்பக்கம் ஒன்று, அது அடைபட்டால் உள்பக்கம் ஒன்று, பலத்தில் தள்ளுவது ஒன்று. இந்த மூன்றும் கைவந்தால் போதும், ஆனால் இரண்டு கோடைக்காலப் பயிற்சியாவது பிடிக்கும். பந்து நகர்ந்த கணத்தில் வைக்கும் முதல் எட்டின் வேகமும், ஓடிக்கொண்டே உடம்பைச் சாய்த்து மூலையில் திரும்பும் கணுக்கால் வளைவும் அப்படியல்ல. அவற்றில் கொஞ்சம் மெருகேற்றலாமே தவிர, இல்லாததை உண்டாக்க முடியாது. அதனால்தான் அணிகள் இப்படிப்பட்டவர்களிடம் மயங்குகின்றன. அந்த மயக்கத்தில் நியாயம் இருக்கிறது; கொடுக்கும் விலைதான் பிரச்சினை.

டேனியல் ஹண்டரைக் காட்டி வாதிடுபவர்கள் மறப்பது அந்த விலையைத்தான். கல்லூரியின் கடைசிப் பருவத்தில் 1.5 சாக் எடுத்த அவர், தொழில்முறையில் இரண்டாவது ஆண்டிலேயே 12.5 எடுத்தார். ஆனால் மினசோட்டா 2015-ல் அவரை எடுத்தது 88ஆவது இடத்தில், மூன்றாம் சுற்றில். அவர் சோபிக்காமல் போயிருந்தாலும் அணி தள்ளாடியிருக்காது.

இன்னொன்று, எடுக்கும் அணியின் நிலை. ஏற்கெனவே இரண்டு தேர்ந்த ரஷர்கள் இருக்க வேண்டும். அப்போதுதான் புதியவரை முதல் ஆண்டில் ஆட்டத்துக்கு 20, 25 முறை மட்டும் இறக்கிப் பழக்க முடியும். அவருக்குக் கை பிடித்துக் கற்றுத்தரும் முன்வரிசைப் பயிற்றுநர் இரண்டு ஆண்டாவது அங்கேயே இருக்க வேண்டும். ஸ்டூவர்ட் விஷயத்தில் எங்களுக்கு உறுத்தியது இதுதான். 2024-ல் 17.5 சாக் எடுத்த ட்ரே ஹெண்ட்ரிக்சனோடு பெங்கால்ஸுக்கு ஒப்பந்தத் தகராறு ஓடிக்கொண்டிருந்தது. தற்காப்பு ஆட்டத்தின் பொறுப்பாளரும் அந்த ஆண்டுதான் மாறியிருந்தார். பொறுமையாகப் பழக்க வேண்டியவருக்கு ஏற்ற வீடு அதுவல்ல.

இறங்கி எடுப்பதன் கணக்கு இதோ. ஒவ்வோர் இடத்துக்கும் மதிப்புப் போட்டு, டல்லஸ் கவ்பாய்ஸ் முன்னாள் பயிற்றுநர் ஜிம்மி ஜான்சன் பெயரால் வழங்கும் பழைய புள்ளிப் பட்டியலில் 17ஆம் இடத்துக்கு 950 புள்ளி, 25ஆம் இடத்துக்கு 720. வித்தியாசம் 230, அது 72ஆம் இடத்தின் மதிப்பு. எட்டுப் படி இறங்கினால் மூன்றாம் சுற்றின் தொடக்கத்தில் இன்னொரு ஆளும் கிடைப்பார் என்று அர்த்தம். இப்போது அணிகள் வெவ்வேறு பட்டியல்கள் வைத்திருந்தாலும் பேரத்தின் வடிவம் இதுவே. ஆனால் முதல் சுற்று முடியும் 32ஐத் தாண்டி இறங்க வேண்டாம். முதல் சுற்றில் எடுத்தவரை மட்டும்தான் அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளும் ஒப்பந்த உரிமை உண்டு. மெதுவாகக் கற்பவருக்கு அந்த ஓர் ஆண்டு பெரிது. ஒடாஃபே ஓவே கல்லூரியின் கடைசிப் பருவத்தில் ஒரு சாக்கும் எடுக்காதவர். 2021-ல் பால்டிமோர் அவரை 31ஆவது இடத்தில் எடுத்தது. 10 சாக் எடுத்த பருவம் அவருக்கு நான்காவது ஆண்டில்தான் வந்தது.

கேள்வி: சாக் எண்ணிக்கை பொய் சொல்லும் என்கிறீர்கள். அப்படியானால் ஆட்டப் பதிவைப் பார்த்து நாமே எப்படி எடைபோடுவது?
– கல்லூரி மாணவி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: நான்கு ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குறைந்தது இரண்டு, பலமான எதிரணிகளோடு ஆடியவையாக இருக்கட்டும். குவார்ட்டர்பேக் எறியப் பின்வாங்கும் ஒவ்வொரு முறையையும் குறியுங்கள். பிறகு மூன்று வகையைக் கழித்துவிடுங்கள்: பந்து இரண்டு வினாடிக்குள் கையை விட்டுப் போனவை, நம்மவரை யாருமே தடுக்காமல் விட்டவை, அவர் ரஷ் செய்யாமல் பின்னால் காவலுக்குப் போனவை. மிச்சம் எண்பது, நூறு வரும். அதில் 2.5 வினாடிக்குள் எத்தனை முறை தடுப்பாளரை வென்றார் என்று எண்ணுங்கள். நூற்றுக்கு 15 வந்தால் எங்களுக்கு ஆர்வம் வரும். 8க்குக் கீழே என்றால் எவ்வளவு வேகமாக ஓடினாலும் முதல் சுற்றில் தொடமாட்டோம்.

அடுத்து, தோற்ற முறைகளைப் பாருங்கள். கற்பது அதில்தான் அதிகம். சாக் குறைந்தவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் தடுப்பாளரை வெல்கிறார்கள், ஆனால் பந்து முன்பே போய்விடுகிறது, அல்லது சாய்க்கப் போய் நழுவ விடுகிறார்கள். இவர்களுக்குக் காலப்போக்கில் எண்ணிக்கை வரும். மற்ற வகையினர் டேக்கிளின் கை பட்டதும் அப்படியே நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது முயற்சி என்பதே கிடையாது. இவர்களை வாங்கினால் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

குறிப்பாக மூன்று கோளாறுகளைத் தேடுங்கள். பந்து நகர்ந்ததும் முன்கால் முன்னே போகாமல் ஒரு கணம் பின்னால் போகிறதா? இது சீக்கிரம் திருத்தக்கூடியது. கைக்கு முன்னால் தோள் போய் மோதுகிறதா? இதைத் திருத்த நாளாகும். மூலையில் திரும்ப முடியாமல் குவார்ட்டர்பேக்கைத் தாண்டி 9, 10 கெஜம் ஓடி, அவர் தப்பி ஓட வாசலைத் திறந்து விடுகிறாரா? எங்களுக்குப் பயம் தருவது இதுதான். பெரும்பாலும் கணுக்கால், இடுப்பின் இறுக்கம்.

அவரை எங்கே நிறுத்தி ஆடவைத்தார்கள் என்பதையும் பாருங்கள். டேக்கிளின் உள்தோளுக்கு எதிரே நிறுத்தி, முதலில் ஓட்ட ஆட்டத்தைத் தடு என்று சொல்லியிருந்தால் சாக் குறைவது இயல்பு. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வாக்கர் பல நேரம் உள்பக்கமாக ஆடியவர்.

கேள்வி: 40 கெஜ ஓட்ட நேரத்துக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?
– வாசகர், கிள்ளான் சாலை

பதில்: தொலைக்காட்சிக்கு அழகு. ரஷர் ஓடுவது ஐந்தாறு கெஜம், அதுவும் வளைந்து. முதல் 10 கெஜத்தின் நேரம் (1.6 வினாடிக்கு அருகில் நல்லது), மூன்று கூம்புகளைச் சுற்றும் ஓட்டம் (7 வினாடி சுற்றுவட்டாரம்), நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், கையின் நீளம் (84 செ.மீ.க்கு மேல்) இவையே பயன்படும். டிராஃப்ட்டுக்கு முன் இண்டியானாபோலிஸில் நடக்கும் பொதுச் சோதனையில் எடுத்த நேரத்தையும் கல்லூரித் திடலில் கையால் அழுத்தும் கடிகாரத்தில் எடுத்த நேரத்தையும் ஒன்றாக வைத்து ஒப்பிடாதீர்கள். பின்னது பொதுவாகக் குறைந்தே காட்டும். டெரல் சக்ஸ் கல்லூரியில் ஒரே பருவத்தில் 24 சாக் எடுத்தவர். மெதுவாக ஓடுகிறார் என்ற பேச்சுக்கு நடுவே 2003-ல் 10ஆவது இடத்தில் போனார். முடிவில் 139 சாக்.

கேள்வி: பினாங்கில் நண்பர்கள் சேர்ந்து, ஆட்டக்காரர்களை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் ஃபேன்டசி லீக் (நிஜ ஆட்டக்காரர்களின் சாதனைக்குப் புள்ளி தரும் விளையாட்டு) நடத்துகிறோம். இப்படிப்பட்ட புதியவரை அதில் எடுக்கலாமா?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: டிராஃப்ட் முடிந்த கையோடு எடுக்காதீர்கள், ஓர் ஆண்டு கழித்து வாங்குங்கள். முதல் பருவத்தில் 2, 3 சாக் மட்டும் எடுத்ததும் வைத்திருப்பவர் சலித்துப் போவார். கேரி, வாக்கர் இருவரையும் மலிவாக வாங்க முடிந்த நேரம் அதுதான். வாங்குமுன் அவர் ஆட்டத்துக்கு எத்தனை முறை இறக்கப்பட்டார் என்று பாருங்கள். பருவத்தின் பிற்பாதியில் அது கூடியிருக்க வேண்டும். உங்கள் தளம் அவரை முன்வரிசைக்காரர் என்கிறதா, அதற்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் என்கிறதா என்பதும் முக்கியம். லைன்பேக்கர் என்று போட்டிருந்தால், பந்தோடு ஓடுபவரை மடக்கிய எண்ணிக்கையில் புள்ளி குவிப்பவர்களோடு போட்டியிட வேண்டும். அவர் மதிப்பு பாதியாகிவிடும்.

கேள்வி: டிராஃப்ட்டை நம் மலேசிய நேரத்தில் எப்போது பார்ப்பது?
– வாசகி, செத்தாப்பாக்

பதில்: முதல் சுற்று வெள்ளி காலை 8 மணி. இரண்டும் மூன்றும் சனி காலை 7. நான்கு முதல் ஏழு வரை சனி இரவு முடிந்து ஞாயிறு பிறக்கும் நள்ளிரவு 12க்குத் தொடங்கும்.

கேள்வி: ஃபிளேக் காற்பந்து (சாய்ப்பதற்குப் பதில் இடுப்பில் தொங்கும் கொடியைப் பிடுங்கும் ஆட்டம்) அணி ஒன்று தொடங்கியிருக்கிறோம். பள்ளிக்காக 100 மீட்டர் ஓடிய தம்பி ஒருவன் இருக்கிறான். ரஷராகப் போடலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தாராளமாக. அங்கே டேக்கிளும் இல்லை, மோதலும் இல்லை. வேகத்துக்கு முழு மதிப்பு. ரஷர், பந்து வைக்கும் கோட்டிலிருந்து 7 கெஜம் பின்னால் நின்று தொடங்க வேண்டும். ஓட்டக்காரர்களிடம் வரும் கோளாறு, முழு வேகத்தில் போய்ப் பக்கவாட்டில் தாண்டிவிடுவது. கடைசி 2 கெஜத்தில் எட்டுகளைச் சுருக்கி, முழங்காலை மடக்கி, எதிராளியின் இடுப்பை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணையும் பந்தையும் பார்த்தால் ஏமாறுவான். வலக்கையால் எறிபவர் என்றால் அவருடைய வலப்பக்கமாக வரட்டும். எறியும் பாதையும் மறையும், அவர் தனக்கு வசதியில்லாத இடப்பக்கம் ஓட வேண்டியும் வரும். எறியும் கையில் கை பட்டால் தண்டனை உண்டு.

உங்கள் வட்டாரத்தில் கபடி ஆடும் பையன் இருந்தால் அவனையும் இதே இடத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். இருவரையும் 7 கெஜத்திலிருந்து பத்துப் பத்து முறை ஓடவிட்டு, யார் அதிகக் கொடி பிடுங்குகிறானோ அவனைப் போடுங்கள்.