ஒரே லென்ஸ், எல்லா வேலைக்கும்: கேமரா கேள்வி–பதில்

நான்கு வருடமாக ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவில், அதோடு வந்த 18–55 கிட் லென்ஸ். இப்போது ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவான சோனி ஏ7 மார்க் 4 வாங்குகிறேன். ஒரு லென்ஸுக்குத்தான் பணம் இருக்கிறது. 24–70 எஃப்2.8-ஆ, 24–105 எஃப்4-ஆ? வீட்டு விசேஷம், பயணம் இரண்டும் எடுப்பேன்.
– வாசகர், காரைக்குடி

24–105 எஃப்4. உங்கள் 18–55, ஃபுல் ஃபிரேம் கணக்கில் 27–82 மி.மீ. 24–70க்குப் போனால், நாலு வருடமாகப் பழகிய ஜூம் தூரம் முன்னைவிடக் குறைந்துவிடும். முதல் பயணத்திலேயே ‘இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தால் என்ன’ என்று தோன்றும்.

எஃப் எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும். எஃப்2.8க்கும் எஃப்4க்கும் இடையே ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகும். மண்டபத்தில் எஃப்2.8, ஷட்டர் 1/125 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன், ஏறினால் படத்தில் புள்ளிகள் தெரியும்) 3200 என்று வரும் படத்தை எஃப்4-ல் எடுக்க ஐஎஸ்ஓ 6400 வேண்டும், அவ்வளவுதான். இந்த கேமரா பாடியில் 6400 பயப்பட வேண்டிய எண் அல்ல.

‘2.8 இருந்தால்தானே பின்னணி கரையும்?’ என்பார்கள். மி.மீ.-ஐ எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள், வரும் எண் ஏற ஏறப் பின்னணி அதிகம் கரையும். 70ஐ 2.8ஆல் வகுத்தால் 25. 105ஐ 4ஆல் வகுத்தால் 26.25. ஆளை ஒரே அளவில் ஃபிரேமுக்குள் வைத்து எடுத்தால், தூரத்துப் பின்னணி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கரையும்.

எடையைக் காரணம் காட்ட மாட்டோம். சோனியின் 24–70 எஃப்2.8 ஜிஎம் இரண்டாம் பதிப்பு 695 கிராம், 24–105 663 கிராம், கழுத்துக்குத் தெரியாது. பர்ஸுக்குத்தான் தெரியும். மிச்சமாகும் பணத்தில் பிறகு ஒரு 35 அல்லது 50 எஃப்1.8 வாங்கிக்கொள்ளலாம். எஃப்4-ல் 6400 கேட்ட இடத்தில் அது சுமார் 1300-ல் முடித்துவிடும். எந்த எஃப்2.8 ஜூமாலும் அது முடியாது.

இரவில் மேடை நடனம், வீட்டுக்குள் ஓடும் குழந்தை, இவைதான் உங்கள் அன்றாடப் படங்கள் என்றால் மட்டும் 2.8 பக்கம் போங்கள். அங்கே 1/250க்குக் கீழே இறங்க முடியாது. ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், ஆடுகிறவரைப் பிடிக்காது.

டாம்ரான் 28–75 எஃப்2.8 மலிவாக இருக்கிறதே! 24க்கும் 28க்கும் நாலு மி.மீ.தானே?
– வாசகி, நாகர்கோவில்

டெலி (தூரத்தைக் கிட்டே இழுக்கும்) பக்கம் நாலு மி.மீ. ஒன்றுமே இல்லை, அரை அடி முன்னே வைத்தால் சரியாகிவிடும். வைடு (அகலமாகக் காட்டும்) பக்கம் அப்படி இல்லை. நாலு மீட்டர் தள்ளி நின்று குரூப் போட்டோ எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 24-ல் ஆறு மீட்டர் அகலம் ஃபிரேமுக்குள் வரும். 28-ல் 5.1 மீட்டர். வரிசையில் கிட்டத்தட்ட இரண்டு பேர் வெளியே போய்விடுவார்கள், அந்த இருவரில் ஒருவர் கட்டாயம் மாப்பிள்ளையின் தாய்மாமனாக இருப்பார்! பின்னால் சுவர் இருந்தால் தள்ளி நிற்கவும் வழியில்லை.

ஆனால் பின்னே போக இடம் இருந்தால் குரூப்பை 24-ல் எடுக்கவே எடுக்காதீர்கள். ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் தோளும் இழுபட்டு அகலமாகிவிடும். 35-ல் வைத்து ஆறு மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

வெளிப்புறப் படங்களும் போர்ட்ரெயிட்டும்தான் அதிகம் என்றால் அந்த டாம்ரான் நல்ல தேர்வு. இரண்டாம் பதிப்பு (ஜி2) 540 கிராம், ஃபில்டர் 67 மி.மீ., 28-ல் 18 செ.மீ. கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும்.

28–200, 24–200 மாதிரி ஒன்றே வாங்கிவிட்டால் வேலை முடிந்ததே?
– வாசகர், கோவை

வெயிலில் முடிந்தது. சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் சிக்கல். டாம்ரான் 28–200 பெட்டியில் எஃப்2.8 என்று போட்டிருக்கும், அது 28-ஐ ஒட்டி மட்டும். சுமார் 150ஐத் தாண்டினால் எஃப்5.6. நிக்கான் இசட் 24–200, 200-ல் எஃப்6.3. எஃப்2.8-ல் ஐஎஸ்ஓ 3200 போதுமான வெளிச்சத்தில், எஃப்6.3க்கு 16000 கேட்கும். ஃபிளாஷை மேனுவலில் வைத்திருந்தால் இன்னொரு தொல்லை: ஜூம் செய்யச் செய்ய அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித் துவாரம்) சுருங்கி, படம் இருண்டுகொண்டே போகும்.

வாங்குவதற்கு முன் ஒன்று கவனியுங்கள். டாம்ரான் 28–200-ல் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, சோனி பாடியில்தான் இருக்க வேண்டும். கேனன் ஆர்8 பாடியிலோ அது இல்லை, அதற்கு ஐஎஸ் (லென்ஸிலேயே ஸ்டெபிலைசேஷன்) உள்ள லென்ஸாகப் பார்த்து எடுங்கள்.

நிக்கான்காரர்களுக்கு எங்கள் யோசனை 24–120 எஃப்4. 630 கிராம், முழு நீளத்துக்கும் ஒரே எஃப்4. இந்த வகையில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

செகண்ட் ஹேண்டில் 24–105 ஒன்று வந்திருக்கிறது. எதையெல்லாம் பார்ப்பது?
– வாசகர், சென்னை

இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கம் ஃபோன் டார்ச்சைப் பிடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். நாலைந்து தூசி படத்தில் தெரியாது, விட்டுவிடலாம். சிலந்தி நூல் மாதிரி கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. அது கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிடும், துடைத்தாலும் தழும்பு நிற்கும். பால் படலம் மாதிரி பரவியிருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படம் வெளுக்கும். இரண்டில் எது இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஜூம் வளையத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெல்லச் சுற்றுங்கள். நறநறவென்றால் மணல். மவுண்ட்டில் (கேமராவில் மாட்டும் வளையம்) உள்ள ஸ்குரூவின் தலை தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள்.

அடுத்தது செங்கல் சுவர். கேமராவை டிரைபாடில், சுவருக்கு நேர் இணையாக வையுங்கள். நடுவில் ஃபோகஸ், எஃப்4. 24, 50, 105 மூன்றிலும் எடுத்து, 100 சதவீதத்தில் பெரிதாக்கி மூலைகளைப் பாருங்கள். நாலு மூலையும் ஒரே அளவு மங்கல் என்றால் லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உடனே விற்பவரைக் குறை சொல்லாதீர்கள். கேமராவைத் தலைகீழாக்கி, திரும்ப இணையாக வைத்து, இன்னொரு படம் எடுங்கள். ஃபிரேமின் அதே பக்கமே திரும்பவும் மங்கினால் உள்ளே ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கிறது. முதலில் மங்கிய அதே செங்கற்கள் மங்கினால் நீங்கள் கோணலாக நின்றிருக்கிறீர்கள்.

வாங்கிய பிறகு, கடல் காற்று வீசும் ஊரில் துணிப்பையில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40–50 சதவீதத்தில் நிறுத்துங்கள். ஜெல் நிறம் மாறினால், சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் இளந்தீயில் சூடாக்கினால் பழையபடி ஆகிவிடும்.

பழைய ஏபிஎஸ்-சி லென்ஸையே ஏ7 மார்க் 4-ல் மாட்டலாமா?
– வாசகி, திருச்சி

சோனி இ-மவுண்ட் என்றால் மாட்டலாம். கேமரா தானே நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 33 மெகாபிக்சல், 14 ஆகிவிடும். புது லென்ஸ் வரும்வரை அது போதும்.